ஏழு கோல் வித்தியாசம்

மார்ச் 3
பயிற்சி முகாம், மாடி அறை

மதிப்பிற்குரிய டைம் கீப்பர் அவர்களுக்கு,

அண்ணி என்று எழுதத்தான் பேனா போனது. பிடித்து இழுத்து நிறுத்தியிருக்கிறேன்.

கோச் எங்கள் போன்களை எல்லாம் வாங்கித் தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார். கடைசி ஆட்டம் முடியும்வரை கடிதம்தான். அதுவும் நல்லதாயிற்று. போனில் என்றால் கத்தியிருப்பேன், நீங்களும் வழக்கம்போல "சரி, முடிச்சிட்டியா?" என்று கேட்டிருப்பீர்கள்.

இன்று காலை கோச் கரும்பலகையில் கணக்குப் போட்டார். இரண்டு அணிகளுக்குப் புள்ளி சமமாக வந்தால் யாரை மேலே போடுவார்கள், தெரிந்தவர்கள் கை தூக்குங்கள் என்றார். பதினாறு பேரும் தூக்கினோம். பதினாறும் தப்பு.

நம் உள்ளூர் ஹேண்ட்பால் லீக்கில் மொத்த கோல் வித்தியாசத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து அதிலேயே ஆடி வளர்ந்ததால் உலகத்துக்கே அதுதான் விதி என்று இருந்துவிட்டோம். இந்தச் சாம்பியன்ஷிப்பின் தகுதிச் சுற்றில் அப்படி இல்லையாம். சமமாக நிற்கும் அந்த இரண்டு அணிகளும் தங்களுக்குள் ஆடிய இரண்டு ஆட்டங்களை மட்டும் முதலில் எடுத்துப் பார்ப்பார்களாம். அங்கேயும் சமம் என்றால்தான் மொத்தக் கணக்கு. இதைக் கோச் முதல் பயணத்திலேயே வண்டியில் விளக்கினாராம். நாங்கள் எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு தூங்கியிருக்கிறோம்.

குழுவில் நான்கு நாட்டு அணிகள். ஒவ்வொருவரோடும் இரண்டு ஆட்டம், நம் ஊரில் ஒன்று, அவர்கள் ஊரில் ஒன்று. முதல் இரண்டு இடத்துக்கு வருகிறவர்கள் நேரே சாம்பியன்ஷிப்புக்குப் போகலாம். முதல் இடம் யாருக்கு என்பது என்றைக்கோ முடிவாகிவிட்டது. இரண்டாவது இடத்துக்குப் போட்டி நமக்கும் அந்த உயரமான பெண்கள் அணிக்கும், அதுதான் நாங்கள் நெட்டைகள் என்போமே, அவர்களுக்கும். நெட்டைகள் ஆறு புள்ளியோடு தங்கள் ஆட்டங்களை முடித்துவிட்டார்கள். நாம் நாலில் நிற்கிறோம், கடைசி இடத்து அணியோடு ஓர் ஆட்டம் பாக்கி. அவர்கள் அரங்கத்தின் கூரை ஒழுகியதால் அது தள்ளிப்போய்ப் பதினைந்தாம் தேதி நடக்கப்போகிறது. ஜெயித்தால் நமக்கும் ஆறு.

இப்போது நெட்டைகளோடு ஆடிய இரண்டையும் பாருங்கள். அவர்கள் ஊரில் நாம் நான்கு கோலில் தோற்றோம். நம் ஊரில் 28–24, நான்கு கோலில் ஜெயித்துக்கொண்டிருந்தோம். சரிக்குச் சரி. மொத்தக் கணக்கில் நாம்தான் மேலே. அப்படியே இருந்திருந்தால் பதினைந்தாம் தேதி ஒரே ஒரு கோலில் ஜெயித்தாலே போதும்.

ஆனால் 28–25 என்று முடிந்தது. அந்த இருபத்தைந்தாவது கோல் செல்லும் என்று சொன்னது யார்? மேஜையில் கடிகாரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த என் சொந்த அண்ணி.

இனி இரண்டாவது இடம் கிடையாது. எல்லாக் குழுக்களிலும் மூன்றாவதாக வந்தவர்களில் மிகச் சிறந்த ஓர் அணிக்கு ஓர் இடம் உண்டு. அதைப் பிடிக்க ஏழு கோல் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டுமாம். ஒன்று எங்கே, ஏழு எங்கே!

நீங்கள் பொய் சொல்லியிருக்க வேண்டாம். "சரியாத் தெரியல" என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும். நம் நாடு ஒருமுறைகூடப் போகாத சாம்பியன்ஷிப் அண்ணி. எனக்கு முப்பத்தொன்று ஆகிறது. அடுத்தது வரும்போது என் முழங்கால் எனக்காகக் காத்திருக்குமா?

பாருங்கள், அண்ணி என்று எழுதிவிட்டேன். அடிக்கவில்லை, காகிதம் வீணாகும்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 6
பேருந்து நிலையம், டைம் கீப்பர் அறை

அன்புள்ள பூட்டுக்கு,

கோல் வாசலை நீ பூட்டிவிடுவாய் என்றுதானே உன் கூட்டாளிகள் அந்தப் பெயர் வைத்தார்கள். என்னிடம் வாயையும் பூட்டிக்கொள்வாய் என்று நினைத்தேன். மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய், சந்தோஷம்.

பதினோரு மணி வண்டிக்கும் பதினொன்று இருபதுக்கும் நடுவில் இதை எழுதுகிறேன். ஜன்னலுக்கு வெளியே ஓர் அம்மா, "என் வீட்டுக்காரர் தண்ணி வாங்கப் போயிருக்காரு, ரெண்டு நிமிஷம்" என்கிறார். வண்டியில் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நாற்பது பேருக்கும் எங்கேயோ ஒரு நேரம் இருக்கும்தானே. விசில் கொடுத்து அனுப்பிவிட்டேன். அந்த அம்மா என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

நான் உங்கள் மேஜைக்கு வந்த கதை உனக்குத் தெரியும். ஹேண்ட்பால் சங்கத்துச் செயலாளர் ஆறு இருபது வண்டியை என்னால் பலமுறை தவறவிட்டவர். "இப்படி ஒரு கல்நெஞ்சுக்காரிதான் எங்களுக்கு வேணும்" என்று கூட்டிக்கொண்டு போய்ப் பரீட்சை எழுத வைத்தார். அந்த ஆட்டத்துக்கு முன்னால் மேற்பார்வையாளரிடம், கோல்கீப்பர் என் நாத்தனார் என்று எழுதியே கொடுத்தேன். இரண்டு கோச்சுகளையும் கேட்டார். நெட்டைகளின் கோச் தோளைக் குலுக்கிவிட்டுச் சம்மதம் என்றார். என்னை நம்பித்தான் சொன்னார்.

அன்றைக்கு நேரம் முடிந்ததும் தானாக அடிக்கும் ஹாரன் வேலை செய்யவில்லை. அதனால் முடிவு என் வாயில் இருந்த விசிலில் இருந்தது. நம் பெண் இருபத்தெட்டாவது கோல் போட்டதும் அரங்கமே எழுந்து நின்றது. நெட்டைகள் பந்தை நடுக்கோட்டில் வைத்தார்கள், நடுவர் விசில் கொடுத்தார், அந்த ஆறடிப் பெண் அங்கிருந்தே எறிந்தாள். பந்து உள்ளே போனது. கடிகாரம் அறுபது நிமிடம் காட்டியது. நான் ஊதினேன். இந்த வரிசையில்தான் நடந்தது. மேற்பார்வையாளர் குனிந்து, முன்னாலா பின்னாலா என்று கேட்டார். முன்னால் என்றேன்.

கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். பார்த்தது எல்லாவற்றையும் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

வீட்டுச் செய்தி. நீ உன் அண்ணனுக்குத் தனியாக எழுதிய கடிதமும் வந்தது. அவர் இப்போது வேலைக்கு என் நிலையத்தில் ஏறுவதில்லை. அடுத்த நிறுத்தம்வரை நடந்துபோய் ஏறுகிறார். நல்லதுதான், தொப்பை குறையும். சாப்பிடும்போது "குழம்பு" என்கிறார், "மோர்" என்கிறார். அதற்கு மேல் பேச்சு இல்லை. அத்தை ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் உன் அம்மா கேட்காமல் இருப்பது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாதா?

சங்கத்திலிருந்தும் சொல்லிவிட்டார்கள், கொஞ்ச நாளைக்கு மேஜைப் பக்கம் வர வேண்டாமாம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

முழங்காலுக்கு ஐஸ் வை. ஏழு கோல் முடியாத காரியம் இல்லை.

அண்ணி


மார்ச் 9
முகாம்

அண்ணிக்கு,

பார்த்தது எல்லாவற்றையும் சொல்லவில்லை என்றால் என்ன அர்த்தம்?

இரண்டு நாளாக அந்த ஒரு வரி என்னைப் பிடுங்கித் தின்கிறது. பயிற்சியில் நேற்று சும்மா வந்த பந்தையெல்லாம் விட்டேன். கோச், "பூட்டு துருப்பிடிச்சுப் போச்சா?" என்று கேட்கிறார்.

அந்தக் கடைசி நொடிகளை வீடியோவில் போட்டுப் பார்த்தோம். கேமராக்காரர் கூட்டம் குதிப்பதைப் படம் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். கோலும் இல்லை, நானும் இல்லை, பந்தும் இல்லை. ஆகவே யாரும் எதையும் நிரூபிக்க முடியாது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்ல வருகிறீர்களா? அப்படியென்றால் நேராகச் சொல்லுங்கள். உங்களுக்குச் சுற்றி வளைத்துப் பேசி வழக்கம் இல்லையே. அந்த ஆட்டத்தில் பதினேழு பந்து தடுத்தேன். பதினேழு! அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

அண்ணன் நடந்து போகிறார் என்பதை நீங்கள் எழுதியிருக்க வேண்டாம். அவர் உங்களோடு பேசாமல் இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை.


மார்ச் 11
வீடு

அன்புள்ள பூட்டு,

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். உனக்கு நாலு நாளில் ஆட்டம். இந்த நேரத்தில் உன் மனதைக் கலைக்கக் கூடாது. ஆனால் பாதி சொல்லிவிட்டு விட்டதுதான் அதைவிடக் கெடுதலாகிவிட்டது. தப்பு என்னுடையது.

கடிகாரத்தில் இரண்டு நொடி பாக்கி இருந்தபோது நீ பந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, அண்ணன் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாய். மற்ற எல்லோரும் அந்தக் கோல் போட்ட பெண்ணைத் தூக்கிக்கொண்டிருந்ததால் யாரும் உன்னைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். கடிகாரத்தையும் கோல் வாசலையும் மாறி மாறிப் பார்ப்பதுதானே என் வேலை.

இதை யாரிடமும் சொல்லவில்லை. மேற்பார்வையாளர் கேட்கவில்லை. உன் அண்ணன், "பந்து கோட்டைத் தாண்டிச்சுன்னு உனக்கு எப்படி அவ்வளவு நிச்சயமாத் தெரியும்?" என்று கத்தியபோதும் சொல்லவில்லை. பதினேழு பந்து தடுத்தவளை ஒரு பந்துக்காக வீட்டில் யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது என்று தோன்றியது. நான் மருமகள், எனக்குக் கேட்டுப் பழக்கம்.

என்னைப் பெரிய நியாயவாதி என்று நினைத்துக்கொள்ளாதே. அதையும் சொல்லிவிடுகிறேன். நீ சொல்லும் அந்த விதி எனக்குத் தெரியும். மேஜைக்கு வருகிறவர்களுக்குக் கொடுத்த புத்தகத்தில் இருந்தது, படித்திருந்தேன். அந்தக் கோல் என்ன செய்யும் என்று தெரிந்தவர்கள் அந்த நேரத்தில் உன் கோச்சும் நானும்தான். பந்து அந்தப் பெண்ணின் கையை விட்டதும், உள்ளேதான் போகும் என்று தெரிந்துவிட்டது. விசில் என் பல்லுக்கு நடுவில் இருந்தது. வாய் நிறையக் காற்று. இப்போதே ஊதிவிடு, ஊதிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஒரு நொடி முன்னால் ஊதியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? ஹாரன்தான் இல்லையே.

ஊதவில்லை. ஏன் என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. உன்மேல் பாசம் குறைவு என்பதால் இல்லை. அந்த ஆறடிப் பெண் தோற்றுப்போன ஆட்டத்தில் கடைசிவரை ஓடிவந்து எறிந்தாள். அவளுடைய அந்த ஒரு நொடியை நான் எப்படி எடுத்துக்கொள்வது? அதற்குப் பிறகு தினமும் வண்டிக்கு விசில் கொடுக்கும்போது அந்த ஒரு நொடி ஞாபகம் வருகிறது. நான் செய்தது சரி என்று தெரிகிறது. நிம்மதியாக இருக்கிறதா என்றால், இல்லை.

இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ஆடு. பதினைந்தாம் தேதி விசில் கேட்கும்வரை திரும்பாதே.

அண்ணி


மார்ச் 14
வேற்றூர், விடுதி

அண்ணி,

கிளம்பும்போது கடிதம் கிடைத்தது. வண்டியில் மூன்று முறை படித்தேன். பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

நாளைக்கு ஆட்டம். இங்கே கூரையை அடைத்துவிட்டார்கள், ஆனால் வாளி ஒன்றை ஓரமாக வைத்திருக்கிறார்கள்.


மார்ச் 16
விடுதி

அன்புள்ள அண்ணிக்கு,

பெட்டியைத் திறந்து போன்களைக் கொடுத்துவிட்டார்கள். எல்லோரும் வீட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் உங்களுக்குப் போன் செய்யவில்லை. இதை எழுத்தில்தான் சொல்ல வேண்டும், காரணம் கடைசியில் தெரியும்.

முடிவு ஊருக்கே தெரிந்திருக்கும். ஆறு கோலில் ஜெயித்தோம். ஏழு இல்லை. ஜெயித்துவிட்டு இப்படி அழுத கூட்டத்தை அந்த ஊர்க்காரர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்கள் கோல்கீப்பர் பாவம், ஒன்றும் புரியாமல் எனக்கு ஆறுதல் சொல்ல வந்தாள்.

செய்தித்தாளில் வராததைச் சொல்கிறேன்.

மழைத் தண்ணீர் இறங்கியதில் அங்கேயும் ஹாரன் போய்விட்டது. மேஜையில் ஓர் அம்மா, உங்களைவிடப் பத்து வயது கூடுதலாக இருக்கும், கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தார். வாயில் விசில். ஆட்டம் முழுக்க என் கண் அந்தப் பக்கமே போனது.

ஆறு கோல் முன்னால் இருந்தோம், சில நொடிதான் பாக்கி. என்னையும் வெளியே இழுத்து இன்னொரு ஆட்டக்காரியை விடலாம் என்று கோச் யோசித்தார், நேரம் இல்லை. நான் என் வாசலிலேயே நின்றேன். எதிர் ஓரத்தில் நம் இடதுபக்கத்துக்காரி குதித்தாள், கையைப் பின்னால் கொண்டுபோனாள். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்களே, அப்படி ஒரு தடுமாற்றம், அரை நொடி. விசில். அதற்குப் பிறகுதான் பந்து அவள் கையை விட்டது. பிறகு வலை.

நம் பெண்கள் குதித்தார்கள். ஏழு! ஏழு! நடுவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு மேஜைக்குப் போனார்கள். அந்த அம்மா தலையை ஆட்டினார். இல்லை.

அவ்வளவுதான், பதினைந்து பேரும் மேஜையைச் சூழ்ந்துகொண்டார்கள். எங்கள் கேப்டன் மேஜையில் ஓங்கி அடித்தாள். அந்த அம்மாவின் கண்ணாடி கீழே விழுந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. ஒரு கையைக் கடிகாரத்தின்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அரங்கத்தின் அந்தக் கோடியிலிருந்து ஓடினேன். முழங்கால் போனால் போகட்டும் என்று ஓடினேன். அவருக்கும் நம் பெண்களுக்கும் நடுவில் போய் நின்று, "விசில்தான் முதல்ல வந்துச்சு. நான் கேட்டேன்" என்றேன்.

கேப்டன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "நீ யாரு பக்கம்டி நிக்கிற?" என்றாள்.

குனிந்து கண்ணாடியை எடுத்து அந்த அம்மாவிடம் கொடுத்தேன். அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. என் கையைப் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் விடவில்லை.

வண்டியில் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. கோச் மட்டும் வந்து உட்கார்ந்து, "எனக்கும் விசில் முதல்லதான் கேட்டுது" என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

இப்போது காரணம். ஒரு கோல்கீப்பரின் காது பொய் சொல்லாது. வலை எப்போது அதிர்ந்தது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். நேற்று விசில் முதலில், வலை பிறகு. நம் ஊரில் அன்றைக்கு நான் திரும்பி நின்றபோது, என் பின்னால் வலைதான் முதலில் கேட்டது. கை இரண்டும் மேலே, முகத்தில் சிரிப்பு, அப்படியே உறைந்தேன். அதற்குப் பிறகுதான் உங்கள் விசில்.

அன்றைக்கே எனக்குத் தெரியும். முதல் கடிதம் எழுதும்போதும் தெரியும். தெரிந்துகொண்டேதான் உங்களைக் குற்றம் சொன்னேன்.

தனியாகக் கடிதம் எழுதி அண்ணனை உங்களுக்கு எதிராகத் திருப்பிவிட்டேன். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்கள் பழி இறங்கியிருக்கும். சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இந்தக் கடிதத்தை அம்மாவும் அண்ணனும் சாப்பிட உட்காரும்போது உரக்கப் படியுங்கள். ஒரு வரியும் விடக் கூடாது. சங்கத்துச் செயலாளருக்கும் இதையே தனியாக எழுதி அனுப்பிவிட்டேன்.

உங்கள் பூட்டு


மார்ச் 20
டைம் கீப்பர் அறை

அன்புள்ள பூட்டு,

சொன்னபடி படித்தேன். அந்த அம்மாவின் கண்ணாடி கீழே விழுந்த இடம் வந்ததும் படிப்பதை நிறுத்திவிட்டேன். அத்தை கையை நீட்டி வாங்கி, மீதியை அவரே படித்து முடித்தார். மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, "இத்தனை நாள் நீ ஏம்மா சொல்லல?" என்று கேட்டார். நீங்கள் கேட்கவில்லையே என்றேன். "நான் கேட்டிருக்கணும்" என்றார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அத்தை என்னிடம் தோற்றது இதுதான் முதல் தடவை. எனக்கு அது பிடிக்கவில்லை.

உன் அண்ணன் எழுந்து கை கழுவப் போனார். கழுவினார், கழுவினார், தொட்டித் தண்ணீர் தீரும்வரை கழுவினார்.

மறுநாள் காலையில் நம் நிலையத்துக்கே வந்தார். ஓட்டமும் நடையுமாக, கையைக் காட்டிக்கொண்டு வந்தார். ஏழு நாற்பது ஆகிவிட்டது. விசில் கொடுத்தேன், வண்டி போய்விட்டது. மூச்சு வாங்கிக்கொண்டே வந்து என் அறை பெஞ்சில் உட்கார்ந்தார். "எனக்காகக்கூட நிறுத்த மாட்டியா?" என்றார். மாட்டேன் என்றேன். சிரித்தார். அடுத்த வண்டி எட்டு பத்துக்கு. அதுவரைக்கும் இருந்து என் மதியச் சாப்பாட்டைப் பாதி காலி செய்துவிட்டுத்தான் போனார்.

செயலாளர் நேற்று வந்தார். பெண்கள் பள்ளிக்கூட ஆட்டம் ஒன்று இருக்கிறதாம், மேஜைக்கு வர முடியுமா என்றார். வருகிறேன் என்றேன். ஹாரனைப் பழுது பார்த்தால்தான் வருவேன் என்றும் சொன்னேன்.

நீ போகாத சாம்பியன்ஷிப்புக்காக எனக்கும் அழுகை வருகிறது. சரியானதைச் சொல்லிவிட்டோம் என்பதற்காக வலிக்காமல் போய்விடுமா? இரண்டு வருஷம் கழித்து மறுபடியும் தகுதிச் சுற்று வரும். முழங்காலைப் பற்றி அப்போது பேசுவோம்.

சனிக்கிழமை உன் வண்டி நாலு பத்துக்கு இங்கே வந்து, நாலு பதினைந்துக்குக் கிளம்பும். வாய் திறந்து தூங்கிக்கொண்டு வராதே, இறங்காவிட்டால் அடுத்த ஊர்தான். உனக்காக வண்டியை ஒரு நொடிகூட நிறுத்த மாட்டேன்.

நான் மட்டும் மூன்றரைக்கே வந்து நிற்பேன்.

அண்ணி